லாசருவிடம் யாரும் கேட்கவில்லை

"கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்" என்று சபைக் குருவானவர் தேவஇரக்கம் ஐயர் பிரசங்க மேடையிலிருந்து சொன்னதும், பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் இருந்த எமீமாள் நுனிக்கு நகர்ந்துகொண்டாள். பின்னால் இரண்டொருவர் வேதப்புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. பாவம், ஊருக்குப் புதுசு போலிருக்கிறது. அவரோடு குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா, இது முதல் கடைசியாக. இதற்குப் பின்னால் இன்னொரு கடைசியாக உண்டு, அதற்கும் பின்னால் 'இன்னும் ஒரே ஒரு காரியம்' உண்டு. அதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் அந்த வார்த்தை வரும்: யாருக்காவது கேள்வி உண்டா? ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து காலத்தில் அவரே தொடங்கிய புது வழக்கம். புதன்கிழமைக் கூட்டம் என்றால் ஜனங்கள் நாலு கேள்வி கேட்க வேண்டாமா, சும்மா தலையாட்டிவிட்டுப் போவதற்கா வருகிறார்கள் என்று வீட்டில் தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பெரிய வீறாப்பாகச் சொன்னார். ஆனால் 'கேள்வி உண்டா'வுக்கும் 'ஜெபிப்போம்'க்கும் நடுவில் ஒருத்தர் இருமக்கூட இடம் விடமாட்டார். அந்த இடுக்கில்தான் இன்றைக்கு அவள் எழுந்திருக்கப் போகிறாள். எழுந்து லாசருவைப் பற்றிக் கேட்கப் போகிறாள். லாசரு என்பது சும்மா பேருக்கு. உள்ளே கிடப்பது அவளுடைய ஒரே பிள்ளை, பிறந்து மறுநாள் விடியுமுன்னே போய்விட்ட பிள்ளை, ஞானஸ்நானம் பெறாத பிள்ளை. அவன் இப்போது எங்கே இருக்கிறான்? இதை அவள் கட்டினவரிடம்கூடக் கேட்டதில்லை. இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தால் இனி தனக்கு ஜெபம் என்று ஒன்று கிடையாது, அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

ஜெபம் போய்த்தான் எவ்வளவு நாளாகிறது. முழங்கால் போடுகிறாள், முக்காட்டை இழுத்து விடுகிறாள், பரலோகப் பிதாவே என்று தொடங்குகிறாள், அதோடு சரி, அடைத்துக்கொள்ளும், குழாயில் காற்று மட்டும் வருமே அந்த மாதிரி. மாதர் சங்கத்தில் ஐயரம்மா ஒரு ஜெபம் ஏறெடுங்க என்றால் மனப்பாடமாக இருப்பதை மளமளவென்று ஒப்பித்துவிட்டு ஆமென் போட்டுவிடுவாள். எல்லாரும் ஐயரம்மா ஜெபம்னா ஐயரம்மா ஜெபம்தான் என்பார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், இது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. ஆண்டவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருக்கிறாரே, அதுதான் அவளுக்கு ஆங்காரமாக வந்தது. நீர் பேசாவிட்டால் நானும் பேசமாட்டேன் என்று எத்தனையோ விடியற்காலம் முழங்காலிலேயே முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். முறைத்துக்கொண்டு இருப்பதும் ஒரு ஜெபந்தானோ என்னவோ. மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்றது. பீடத்து ஊதாத் துணியின் ஓரம் காற்றில் எழும்பி எழும்பி அடங்கியது. அவர் அங்கே லாசருவின் அக்கா மார்த்தாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்கமாட்டானே என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே சொன்னவள். "இது முறுமுறுப்பு அல்ல பிரியமானவர்களே, இது விசுவாச அறிக்கை" என்கிறார் ஐயர். இருக்கட்டும், விசுவாச அறிக்கையாகவே இருக்கட்டும். வாய்விட்டுச் சொன்னாளா இல்லையா? அவளுக்கு முன்னால் யாரும் உஸ் என்று விரலை வைக்கவில்லையே. மார்த்தாளுக்கு மாமியார் இல்லை போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் எமீமாள் கணக்கு டீச்சர். நாள் முழுக்க அவள் வாயில் வருகிற ஒரே வசனம், சந்தேகம் இருந்தா கேளுங்க. கேட்காமல் மண்டையை மண்டையை ஆட்டுகிற பிள்ளையைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே சந்தேகம் கேட்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அதே சந்தேகம் கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பாவம். ஒரே வார்த்தை, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மெடல், இந்தப் பக்கம் சவுக்கு. பாவம் தோமா, உயிர்த்தெழுந்தவரைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு உலகம் உள்ளளவும் சந்தேகத் தோமா ஆகிவிட்டான். இத்தனைக்கும் ஆண்டவர் அவனைக் கோபிக்கவில்லை, கிட்டே வா என்று கையைத்தான் நீட்டினார். கோபித்ததெல்லாம் பிறகு வந்த நம்ம ஆட்கள். இதை யாரிடமாவது சொல்ல முடியுமா? ஐயரம்மா தோமாவுக்கு வக்காலத்து வாங்குறாங்க என்று பேச்சு கிளம்பும். சரி, எழுந்து நின்று எப்படித் தொடங்குவது? ஐயா, ஒரு சந்தேகம் என்றா? கூடாது கூடாது, சந்தேகம் என்ற வார்த்தையே வரக்கூடாது. ஐயா, ஒரு கேள்வி. அப்படித்தான். வீட்டில் பாத்திரம் கழுவும்போதே நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஐயா, ஒரு கேள்வி. லாசரு கல்லறையைவிட்டு எழுந்து வந்தானே, அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்? செத்துப்போனவன் திரும்பி வந்திருக்கிறான், ஊரே கூடி நிற்கிறது, விருந்து வைக்கிறார்கள், அவனும் பந்தியில் உட்காருகிறான். அங்கே எப்படியப்பா இருந்தது, யாரைப் பார்த்தாய், இருட்டா வெளிச்சமா, குளிர்ந்ததா, சின்னப் பிள்ளைகள் யாராவது இருந்தார்களா, தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இருந்ததா? ஒரு குஞ்சு கேட்கவில்லையே! நம்ம ஊரில் மெட்ராஸ் போய்விட்டு வந்தவனையே மூன்று நாளைக்குத் தூங்கவிடமாட்டார்கள்.

"கடைசியாக, பிரியமானவர்களே" என்றார் ஐயர். இரண்டாவது கடைசியாக. பக்கத்தில் கனகபாய் முழித்துக்கொண்டாள். மாதர் சங்கத்துத் தலைவி, பிரசங்கத்தின் நடுவில் ஒரு கோழித்தூக்கம் போடாவிட்டால் அவளுக்குக் கூட்டத்துக்கு வந்த மாதிரியே இராது. முந்தியில் முடிந்திருந்த புளிப்பு மிட்டாயில் ஒன்றை எமீமாள் கையில் திணித்தாள். "ஐயர் இன்னைக்கு முடிக்க மாட்டாவ போல. ஏன் உங்க கை இப்படிச் சில்லுன்னு இருக்கு? காய்ச்சலா?" "இல்லக்கா, காத்து" என்றாள் எமீமாள். மிட்டாயை வாயில் போட்டதும் புளிப்பு நாக்கில் சுரீர் என்றது. இந்தக் கனகபாய் நல்லவள், ஆனால் அவள் காதில் ஒன்று விழுந்தால் பொழுது விடியுமுன் சேகரத்துச் சபைகள் முழுக்கப் போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்தப் பக்கம் ஆண்கள் பெஞ்சில் கமிட்டிச் செயலர் பொன்னுதாஸ் கையைக் கட்டிக்கொண்டு, பிரசங்கத்தில் எங்கே ஓட்டை விழும் என்று காத்திருக்கிறார். ஐயருக்கும் அவருக்கும் கிறிஸ்மஸிலிருந்தே முட்டல். ஐயரம்மாவே எழுந்து கேள்வி கேட்டுட்டாங்க, வீட்டுக்குள்ளேயே விசுவாசம் இல்லாதவர் நமக்கு என்ன போதிக்கிறது என்று அவர் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவருக்கு அவமானம். அவளால் ஐயருக்கு அவமானம். வேண்டாம், உட்கார்ந்தே இருப்போம். இத்தனை வருஷம் இருந்த மாதிரி இருந்துவிட்டால் என்ன? என்ன, ஜெபம்தானே போகும். அது யாருக்குத் தெரியும்? இப்படி நினைத்த மாத்திரத்தில் அவளுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்துவிட்டது.

கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொன்னவள் மாமியார். இரக்கமில்லாமல் சொல்லவில்லை, இரக்கத்தினால்தான் சொன்னாள், அதுதான் கொடுமை. ஐயர் அப்போது ஐயர் இல்லை, வேறொரு ஊரில் ஒரு சின்னச் சபைக்கு, குருப்பட்டம் இல்லாத உபதேசியார். எட்டு மாதத்தில் வலி எடுத்து, கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பையன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, அதன் பிறகு மயக்கம். கண் விழித்தபோது பக்கத்தில் தொட்டில் இல்லை. மார் கனத்து, ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே என்று வாயெடுப்பதற்குள் மாமியார் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள். "கேக்காத தாயி. எங்கன்னும் கேக்காத, எப்படி இருந்தான்னும் கேக்காத. போன பிள்ளையைக் கேட்டா வர்ற பிள்ளை தங்காது." அந்தக் கையில் பூண்டு வாடை. அவள் கேட்கவில்லை. வருகிற பிள்ளைக்காகக் கேட்கவில்லை. ஞானஸ்நானம் பெறாததை எந்த ஆராதனையும் இல்லாமல்தான் எடுத்துப்போவார்கள் என்று அவளுக்குத் தெரியும், எடுத்துப்போய் எங்கே வைத்தார்கள் என்று தெரியாது. அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பி வருவதற்குள் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். வருகிற பிள்ளை ஒரு வருஷம் வரவில்லை, மறுவருஷமும் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாய்மேல் வைத்த கை மட்டும் எடுபடவில்லை. அவரும் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் அந்த ஒன்றைச் சுற்றிச் சுற்றியே நடந்து நடந்து தடமே விழுந்துவிட்டது. சில சமயம் அவளுக்கு அவர்மேல் பொல்லாத கோபம் வரும். உபதேசியார்தானே, ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று தெரிந்தவர்தானே, ஆஸ்பத்திரியில் ஒரு கை தண்ணீருக்கா பஞ்சம்?

அப்பா அவளுக்கு எமீமாள் என்று பெயர் வைத்தது யோபுவின் மகள் ஞாபகமாக. எல்லாம் பறிபோய், எல்லாம் திரும்பக் கிடைத்த பிறகு பிறந்தவள். சின்னப் பிள்ளையில் அவள் கேட்டாள், "அப்பா, முதல்ல செத்துப்போன பத்துப் பிள்ளைங்க?" அவர் சிரித்துக்கொண்டே தலையில் ஒரு குட்டு வைத்தார். "ரொம்பத் துருவாதே." துருவுவது அவள் சுபாவம், என்ன செய்ய. குட்டு வாங்கிய கேள்வி எங்கேயும் போவதில்லை, உள்ளேயே உட்கார்ந்து வளரும். இப்போது போன மாசம், ஒரு மத்தியான வேளை, ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது திடுதிப்பென்று தோன்றியது. யோபுவுக்கு ஆடு இரட்டிப்பாய்க் கிடைத்தது, ஒட்டகம் இரட்டிப்பு, மாடு இரட்டிப்பு, பிள்ளைகள் மட்டும் முன்னே பத்து, பின்னேயும் பத்து. அடடே, கணக்கு உதைக்கிறதே! சிவப்புப் பேனாவை நிறுத்தினாள். உதைக்கவில்லை. செத்த ஆடு போனது போனதுதான், அதனால் புதுசாக இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். செத்த பிள்ளைகள் போகவில்லை, அந்தப் பத்தும் எங்கேயோ இருக்கிறது, அதையும் இதையும் கூட்டினால் இருபது, இரட்டிப்பு சரி. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறையில் நாலு பேர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு நாத்தனார் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள், இவள் விடைத்தாள்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஆண்டவரே என்றாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை, ஒரே ஒரு ஆண்டவரே. ஆனால் அது காற்று இல்லை, தண்ணீர். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். ஜெபித்து வரவில்லை, உபவாசம் இருந்து வரவில்லை, கணக்கு ஏன் உதைக்கிறது என்று கேட்டதால் வந்தது. அன்று ராத்திரியே பழைய இடத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. யோபுவின் பிள்ளைகள் சரி, அவர்களுக்காக அவன் விடியற்காலையில் எழுந்து பலியிட்டிருக்கிறான். ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் படாத என் பிள்ளை அந்தக் கூட்டலில் சேர்த்தியா, இல்லையா?

"இன்னும் ஒரே ஒரு காரியம்" என்றார் ஐயர். மிட்டாய் கரைந்து நாக்கில் ஒரு சின்னத் தகடாக ஒட்டிக்கொண்டிருந்தது, மென்றால் சத்தம் கேட்குமோ என்று அப்படியே விழுங்கினாள், அது தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த இடத்தை மறுபடி வாசித்தார். மார்த்தாளின் உடன்பிறந்தவள் மரியாள் அழுகிறாள், கூட வந்தவர்கள் அழுகிறார்கள், ஆண்டவர் அவர்களைப் பார்த்துக் கேட்கிறார், அவனை எங்கே வைத்தீர்கள். வாசித்துவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். எமீமாள் போகவில்லை. எங்கே வைத்தீர்கள். ஆண்டவர் கேட்கிறார். எத்தனை தரம் வாசித்த அதிகாரம், எத்தனை சாவு வீட்டில் கேட்ட அதிகாரம்! லாசருவிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாளே, கேட்டவர் ஒருத்தர் அங்கேயே இருந்திருக்கிறார். அவருக்குத் தெரியாதா? தலைமயிரை எண்ணி வைத்திருக்கிறவருக்கு ஒரு குகை இருக்கிற இடம் தெரியாதா? தெரிந்தவர் எதற்குக் கேட்டார்? தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை, பக்கத்தில் போவதற்காகக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் அழுதிருக்கிறார். கேட்காமலே இருந்திருந்தால் அவருக்கும் கண்ணீர் வந்திருக்காதோ என்னவோ. கேட்டது பாவம் என்றால் முதல் பாவி அவர்தானே, ஐயோ, நான் என்னத்தை நினைக்கிறேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பயம் இல்லை. தேடிப் பார்த்தாள், இவ்வளவு நேரம் உள்ளே கிடந்த பயத்தைக் காணவில்லை.

"யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் ஐயர். "ஜெ" என்பதற்கு வாயும் திறந்துவிட்டது. எமீமாள் எழுந்துவிட்டாள். ஒத்திகை பார்த்து வைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது, ஐயா, ஒரு கேள்வி. வாயைத் திறந்தால் வந்ததோ வேறு. "என்னங்க" என்றாள். அடுப்படியிலிருந்து உப்புச் சரியா என்று கேட்கக் கூப்பிடுகிற அதே என்னங்க. ஆண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கனகபாய் "ஐயய்யோ" என்று முந்தியைப் பிடித்து இழுத்தாள். ஐயரும் பழக்கதோஷத்தில், வெள்ளை அங்கியும் கறுப்புக் கச்சையுமாக மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, "என்ன எமீ?" என்றுவிட்டார். கோயில் முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குகிறவரைக்கும் அவள் நின்றாள். லாசருவை எங்கோ விட்டுவிட்டாள், இனி அவன் எதற்கு. "ஆண்டவரே கேட்டார்னு இப்ப வாசிச்சீங்களே" என்றாள். "நானும் கேக்கேன். நம்ம பையனை எங்க வச்சீங்க?"

சிரிப்பு எங்கே போயிற்றோ. பொன்னுதாஸ் எழுந்து, மைக் செட்டுக்காரனைப் பார்த்து நிறுத்து நிறுத்து என்று கையைக் காட்டினார். அவனோ வாயைத் திறந்துகொண்டு ஐயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் வேதப்புத்தகத்தின்மேல் வைத்தார். "மேக்குச் சுவர் ஓரமா" என்றார் கடைசியில். பிரசங்கக் குரல் இல்லை அது. "அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துல, மேக்குச் சுவர் ஓரமா ரெண்டு பனை நிக்கும். அதுக்கு நடுவுல. நானேதான் வச்சேன், எமீ. ஒரு கருங்கல் பொரட்டிப் போட்டுட்டு வந்தேன். அந்தப் பக்கம் கூட்டம்னு போறப்பல்லாம் பார்த்துட்டுத்தான் வாரேன்." அவள் உட்காரவில்லை. இன்னும் ஒன்று இருந்தது, அதுதான் முள். "தண்ணி படாமலா வச்சீங்க?"

"ஊத்தினேன்" என்றார் அவர். "நீ மயக்கத்துல கிடந்த. நர்ஸம்மா ஓடி வாங்கன்னு கூப்பிட்டாங்க. குடிக்க வச்சிருந்த டம்ளர்ல தண்ணி இருந்துச்சு. பேர் சொல்லி மூணு தரம் ஊத்தினேன். ஆனா ஊத்துறப்ப மூச்சு இருந்துச்சா, இல்ல அதுக்கு முந்தியே நின்னுருச்சான்னு எனக்கு இன்னைய வரைக்கும் தெரியாது. அந்த ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதான்னு தெரியாம உன்கிட்ட என்னன்னு சொல்ல? நீயும் கேக்கல. கேட்டா நொறுங்கிருவியோன்னு நானும் சொல்லல." அங்கிக் கையால் முகத்தைத் துடைத்தார். "எங்க இருக்கான்னு கேட்டா, ஆண்டவர் கையிலன்னு எல்லாருக்கும் சொல்லிருவேன். நம்ம பிள்ளைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. நானும் தினம் அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இருக்கேன்." முந்தியைப் பிடித்து இழுத்த கனகபாயின் கை இப்போது எமீமாளின் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. எமீமாளுக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது, அவள் துடைக்கவில்லை. துக்கம்தான், ஆனால் அடைப்பு இல்லாத துக்கம். இவ்வளவு காலம் தனியாக முழங்காலில் முறைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாளே, அடுத்த அறையில் இவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தாரா? அழுகைக்கு நடுவிலும் துருவுகிற புத்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டது. பேர் சொல்லி என்றாரே.

"என்ன பேரு வச்சீங்க?" என்றாள்.

"சாமுவேல்" என்றார் ஐயர். ஆண்டவரிடம் கேட்டு வாங்கினேன் என்று வேதத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு இட்ட பெயர். மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. வெளியே கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அந்தப் பெயர் தெருவைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போயிற்று. ஊருக்கே கேட்டது.